எஞ்சினை மாற்றினால் வண்டியின் வயது குறையுமா?

அம்பாசிடரின் உயிர் அதன் எஞ்சினில்தான் இருக்கிறது, அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது வெறும் கூடு என்று பழைய கார்ப் பிரியர்கள் சொல்வார்கள். அவர்களுடைய பற்றை மதிக்கிறேன். ஆனால் இந்தக் காரின் வரலாறு அந்த வாதத்துக்குத் துணை நிற்கவில்லை. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் உடலோடு மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் பிறந்த அம்பாசிடருக்கு முதலில் இருந்தது 1476 சிசி சைடு வால்வு எஞ்சின். மிக விரைவிலேயே அது போய் 1489 சிசி பி.எம்.சி. எஞ்சின் வந்தது. பிறகு அதே குடும்பத்து டீசல். 1990களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஜப்பானின் இசுசு 1817 சிசி பெட்ரோல் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் அதே பழைய உடலுக்குள் வைத்தது. ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியிருந்த கியர், தரைக்கு இறங்கியது. சக்தி ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை மாறாமல் இருந்தது அந்தக் குவிந்த உருவம்தான், எஞ்சின் அல்ல.

நிறுவனமே செய்ததை உரிமையாளர் ஏன் செய்யக் கூடாது? இதற்குப் பதில் சொல்லுமுன் நம் ஊர் உதாரணம் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' காரைக் கொண்டுவந்தது. உடல், பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. அங்கே அதே உடல் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சினோடும் ஓடியது. இங்கே அதற்குள் வைத்தது பழைய ஸ்டாண்டர்டு வான்கார்ட் வழிவந்த 1991 சிசி எஞ்சினை. அழகான, விலை கூடிய கார். இழுவை போதவில்லை, பெட்ரோல் செலவோ அதிகம். 1988-லேயே கதை முடிந்தது. அம்பாசிடரில் பழைய உடலுக்குப் புது எஞ்சின், ஸ்டாண்டர்டில் புது உடலுக்குப் பழைய எஞ்சின். இரண்டுமே தொழிற்சாலையில், பொறியாளர்கள் கையால் நடந்தவை. ஒன்று நிலைத்தது, மற்றொன்று விழுந்தது. ஆகவே 'மாற்றலாமா' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எதற்குள் எதை, எப்படி என்றுதான் கேட்க வேண்டும்.

அந்த 'எப்படி' பட்டறையில்தான் தெரியும். எஞ்சினை இறக்கிவிட்டு இன்னொன்றை ஏற்றுவது வேலையில் சிறு பகுதி. புது எஞ்சினின் ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா, ஸ்டியரிங்குக்கு இடம் விடுகிறதா என்று பார்க்க வேண்டும். கியர்பாக்ஸின் நீளம் மாறினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி, நீளம் திருத்தி, பேலன்ஸ் செய்ய வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் வேகம் ஏற ஏற வண்டி அதிரும். பின் ஆக்ஸிலின் பல் விகிதம் பழைய எஞ்சினுக்குக் கணக்கிட்டது, அதுவும் ஒத்துப்போக வேண்டும். டெல்லியின் மே மாத வெயிலில், நெரிசலில் நின்று நின்று போகும்போது பழைய ரேடியேட்டர் தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள காருக்குச் சக்தியை மட்டும் கூட்டுவதை நான் மன்னிக்க மாட்டேன். அந்தப் பிரேக் பழைய வேகத்துக்குப் போதுமானது. புது வேகத்துக்குப் போதாது. வண்டி ஓட்டுபவரோடு எதிரே சாலையைக் கடப்பவரின் உயிரும் அதில் இருக்கிறது.

இன்னொரு கோடும் உண்டு. அம்பாசிடர் தனிச் சேசிஸ் இல்லாத கார். உடலே சுமை தாங்குகிறது. கியர்பாக்ஸ் கொள்ளவில்லை என்று நடுச் சுரங்கத் தகட்டை வெட்டி வெல்டிங் வைத்தால் அதைப் பழையபடி ஆக்க முடியாது. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டுரின் சாசனம், மாற்றங்கள் முடிந்தவரை திரும்பப் பெறத்தக்கவையாகவும் பதிவு செய்யப்பட்டவையாகவும் இருக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான். போல்ட் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும் மாற்றம் ஒருவகை, கட்டிங் மெஷின் தொட்டது வேறுவகை. முன்னதை ஏற்கிறேன். பின்னது நல்ல மெக்கானிக் செய்தாலும் அழிவுதான்.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். டெல்லியில் சட்டம் குறுக்கே நிற்கிறது. 10 வயதைத் தாண்டிய டீசல், 15 வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. 2025-இல் அந்த நீதிமன்றமே சற்றுத் தளர்த்தியது. டிசம்பரில் அந்தத் தளர்வை பாரத் ஸ்டேஜ் 4-உம் அதற்குப் பிந்தையதுமான வண்டிகளோடு நிறுத்தியது. வயதைக் கணக்கிடுவது முதல் பதிவுத் தேதியிலிருந்து. 1985-இல் பதிவான காருக்குள் நேற்று தயாரான எஞ்சினை வைத்தாலும் அது 1985-ஆம் ஆண்டு வண்டியே.

வண்டியின் பதிவுச் சான்றில் (ஆர்சி) உள்ள விவரமும் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரமும் முரண்படக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. சிஎன்ஜி, பேட்டரி போன்றவற்றுக்கு அங்கீகரித்த கிட் வழியாக விலக்கு உண்டு. இனி 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதி: 50 வயது கடந்த கார், எஞ்சினோ உடலோ பெரிதாக மாறாமல் மூல வடிவில் இருந்தால் 'விஏ' எண் கிடைக்கும். எஞ்சின் மாற்றியவர் அந்த வாசலையும் தன் கையாலேயே அடைத்துக்கொள்கிறார். இன்று ஓட்டவும் முடியாது, 2035-இல் கௌரவமும் கிடைக்காது.

டெல்லியின் வயது விதி முரடானது என்று நினைக்கிறேன். கார்பரேட்டர் எஞ்சினைக் கழற்றி ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் வைத்தவரின் வண்டி விடும் புகை குறைவு, அது விதியின் கண்ணில் படவில்லை. ஆனால் ஒவ்வொரு பட்டறை வேலையையும் அரசு தனித்தனியே சோதிக்க முடியாது என்பதும் நியாயமே. வழி டெல்லிக்குத் தெரியாததல்ல. 1998-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, எதிர்ப்புகளையும் தாமதத்தையும் கடந்து டெல்லியின் பேருந்துகள் சிஎன்ஜிக்கு மாறின. 2021 இறுதியில் பழைய டீசல் கார்களை மின்சாரத்துக்கு மாற்றவும் டெல்லி அரசு கதவைத் திறந்தது. வெட்டாமல் பொருத்தக்கூடிய எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் மூன்றையும் ஒரே கிட்டாக மானேசரில் உள்ள ஐகேட் சோதனை மையத்தில் சான்றளித்து, சான்று பெற்ற வண்டியின் வயதைப் புகை அளவைக் கொண்டு கணிக்க மத்திய அரசு விதி வகுக்க வேண்டும்.

அந்த விதி வரும்வரை என் தீர்ப்பு இது: கெடாத எஞ்சினோடு இருக்கும் பழைய அம்பாசிடரை டெல்லியில் தொடாதீர்கள். ஏற்கெனவே மாற்றியிருந்தால் பழைய எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், எண்ணெய் பூசிப் பத்திரமாக வையுங்கள்.