கூர் இதழ் வெட்சி

மும்பை குர்லா நேரு நகரின் பழைய குடியிருப்புகளில், ஜன்னலுக்கு வெளியே நீண்டு நிற்கும் இரும்புக் கிரில்தான் தோட்டம். துளசி, கற்பூரவல்லி, கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் அங்கே இடமுண்டு. வெட்சியும் இருந்தால் அது பெரும்பாலும் குட்டை ரகம். நர்சரிக்காரர் முதலில் எடுத்து நீட்டுவதும் அதைத்தான். சின்னத் தொட்டியில் அடங்கும், வெட்டும் வேலை குறைவு. இத்தனை வசதி இருந்தும் நாட்டுச் சிவப்பு வெட்சிக்கு அது ஈடாகாது.

எல்லாம் இதழின் நுனியில் இருக்கிறது. சீன வெட்சிக்கு நுனி உருண்டையாக முடியும். நாட்டு வெட்சியின் நான்கு இதழ்களும் கூராக முடியும். அதனால்தான் மலர்ந்த கொத்தைவிட மலர்வதற்கு முந்தின நாள் கொத்து அழகு. நீண்ட மெல்லிய குழலின் உச்சியில் நான்கு இதழும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஊசிமுனையாய் நிற்கும். மறுநாள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விரியும். மொட்டும் மலரும் கலந்த அந்த இரண்டு மூன்று நாள் கொத்தை எந்தக் கலப்பு ரகமும் தருவதில்லை. ஆநிரை கவரப் போன மறவர் சூடிய பூ இது. போருக்குக் கிளம்பியவர்களுக்கு அந்தக் கூர்மை பிடித்திருக்க வேண்டும்.

மல்லிகைப் பிரியர்கள் இதை ஒப்புவதில்லை. மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டிய பூக்கடைகளில் மல்லிகைச் சரத்தை முகர்ந்து பார்த்து வாங்குகிறவர்களிடம், வாசனை இல்லாத பூவுக்கு வக்காலத்து வாங்குவது சிரமம்தான். ஆனால் அதே மாட்டுங்காவில் கொச்சு குருவாயூர் என்று பெயரெடுத்த ஆஸ்திக சமாஜ் கோயிலுக்குப் போகிற மலையாளிகளைக் கேட்கலாம். குருவாயூரப்பனுக்குத் துளசி, தாமரையோடு தெச்சியும் உகந்தது என்பார்கள். அந்தத் தெச்சி நம் வெட்சியேதான். வண்ணத்துப்பூச்சிகளும் அதே கட்சி. குழலின் அடியில் இருக்கும் தேனை எட்ட நீண்ட உறிஞ்சுகுழல் வேண்டும். மகாராஷ்டிரம் 2015இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த நீல மார்மனுக்கு அது இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியிலும் குர்லாவிலும் குடியேறிய தலைமுறைக்கும் அந்தத் தேன் தெரியும். பள்ளிக்கூடம் போகிற வழியில் பூவைப் பிடுங்கி, காம்பை உறிஞ்சியபடி நடந்தவர்கள் அவர்கள்.

மும்பையில் இந்தச் செடிக்கு வெயிலும் மழையும் தாராளம். எதிரி சிமெண்ட். வெட்சிக்குப் புளிப்பான மண் வேண்டும். சுவர்ப்பூச்சிலிருந்து கசியும் சுண்ணாம்பு தொட்டியில் சேர்ந்தாலோ, டேங்கரில் வரும் உப்புத் தண்ணீரையே ஊற்றினாலோ மண்ணிலுள்ள இரும்பு வேருக்குக் கிடைக்காமல் போகும். நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இளந்தளிர் மஞ்சளாகும். உடனே உரம் போதவில்லை என்று யூரியாவை அள்ளிப் போடுவார்கள். செம்பூர் ஆர்.சி.எஃப். தொழிற்சாலையின் சுபலா உரத்தையே கொட்டினாலும் இந்த மஞ்சள் போகாது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), சிட்டிகை எலுமிச்சை உப்பு கலந்து மாலையில் இலைமேல் தெளித்தால் அடுத்து வரும் தளிர் பச்சையாக வரும். தரையில் சிந்தினால் துருக்கறை படியும். கீழ் வீட்டுத் துணிக்கொடியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். செம்மண்ணும் மட்கிய இலையும், 12 அங்குலத் தொட்டி, குறைந்தது நாலு மணி நேர வெயில். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்.

பெரிய குறை கத்திரியில் இருக்கிறது. வெட்சி கிளை நுனியில்தான் மொட்டு வைக்கும். சொசைட்டித் தோட்டங்களில் மாதாமாதம் வேலியைச் செங்கல் கட்டியதுபோல் வெட்டி நிறுத்துகிறார்கள். மொட்டெல்லாம் குப்பைக்குப் போகிறது. பச்சைச் சுவர்தான் வேண்டுமென்றால் அதற்கு வேறு செடிகள் இருக்கின்றன. கொத்து வாடியபின் அதற்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டினால் போதும், பக்கக் கிளைகள் கிளம்பி ஒவ்வொன்றும் ஒரு கொத்து வைக்கும்.

நர்சரிகளில் நாட்டு ரகம் அரிதாகிவிட்டதால் இனி கொம்புதான் வழி. ஆடி மழையில், பாதி முற்றிய கொம்பைச் சாண் நீளத்துக்கு நறுக்கி மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வைத்தால் வேர் பிடிக்கும். பூப்பதற்குக் காத்திருக்க வேண்டும். குட்டை ரகத்தின் அவசரம் இதற்குக் கிடையாது. பழைய கோயில் வளாகத்திலோ தெரிந்தவர் வீட்டு வாசலிலோ கூர் இதழ் வெட்சி நின்றால், வெட்டுகிற நாளில் ஒரு கொம்பு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.