ஸ்ரீகோசமும் பூட்டும்: மின்னுருவாக்க ஒப்பந்தங்கள் குறித்த ஒரு விசாரம்

திண்டுக்கல்லுக்கு வடபுறத்தே தாடிக்கொம்பிலும் வடமதுரையிலும் ஸௌந்தரராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். இத்தலங்களைச் சூழ்ந்த சமவெளியில், தலைமுறைகளாகக் கைங்கர்யம் செய்துவந்த ஓர் இல்லத்தின் பெட்டகத்தில் பழைய ஸ்ரீகோசக் கட்டு ஒன்று இருப்பதாகக் கொள்ளலாம். அதைத் தன் செலவில் படமெடுத்துத் தருவதாக ஒரு நிறுவனம் முன்வந்தால், எந்த நிபந்தனையின் பேரில் இசைவது? இக்கேள்வி இனி ஏட்டளவில் நிற்பதன்று. 2025–26ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை, கல்வி நிறுவனங்கள், அருங்காட்சியகங்கள், நூலகங்கள், தனியார் சேகரிப்பாளர்கள் ஆகியோருடன் இணைந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை ஆவணப்படுத்துவதாக அறிவித்தது. அரசும் தனியாரும் கைகோக்கும் இம்முயற்சிகளை ஸம்ப்ரதாயம் எந்த அளவுகோலால் அளப்பது என்பதே இங்கு விசாரிக்கப்படுகிறது.

படியெடுத்தல் வேண்டுமா என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. பெரியவாச்சான் பிள்ளை பெரியாழ்வார் திருமொழிக்கு அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. அழிந்த பாசுரங்களுக்கு மட்டும் மணவாள மாமுனிகள் உரையிட்டு நிரப்பினார். நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்கப் பெற்றுச் சென்ற நம்பிள்ளை, அதைக் காவிரி வெள்ளத்தில் இழந்து, கேட்டதை நெஞ்சிற்கொண்டு மீண்டும் எழுதினார் என்று குருபரம்பரை கூறும். ஒரே ஒரு படி என்பது இழப்புக்கு வாயில். எல்லா இழப்பையும் நிரப்ப ஒரு மாமுனிகளோ நம்பிள்ளையோ வாய்ப்பதில்லை.

இங்கு ஒரு பூர்வபக்ஷம் எழும். நடுவில் திருவீதிப் பிள்ளை பட்டர் எழுதிய 1,25,000 படியை நம்பிள்ளை கரையானுக்கு விட்டார் என்பதும் ஐதிஹ்யமே. வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈட்டையும் அவர் வாங்கி வைத்துக்கொண்டு, பின்னர் ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் அளித்தார். அது நெடுங்காலம் ஓராண்வழியாகவே வந்தது. பூர்வாசார்யர்களே நூல்களைப் பூட்டிவைத்திருக்க, ஒரு நிறுவனம் சில ஆண்டுகள் பூட்டிவைப்பதைக் குறைகூறலாமோ என்னில், கூறலாம்.

ஆசார்யன் இட்ட பூட்டு அதிகாரியை நோக்கியது. கேட்பவனுக்கு ஆர்த்தி உண்டா, ஏட்டைக் கண்டதே போதுமென்று காலக்ஷேபத்தைக் கைவிடுவானா என்பதே அங்கு ஆராயப்பட்டது. சந்தா வாங்கித் திறக்கும் பூட்டோ பணப்பையை மட்டுமே பார்க்கிறது. ஆர்த்தியுள்ள ஏழை வித்வான் வெளியே நிற்பான். ஆர்த்தியில்லாச் செல்வன் உள்ளே புகுவான். மேலும், ஆசார்யன் இட்ட பூட்டு ஆசார்யனாலேயே திறக்கப்பட்டது. திருக்கோட்டியூரில் எம்பெருமானார் அர்த்தத்தை வெளியிட்டதும், திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே மாமுனிகள் ஓராண்டு ஈட்டை அருளிச்செய்ததும் இதற்கு ப்ரமாணம். வணிகப் பூட்டைத் திறப்பவர் எவர், என்று திறப்பார் என்பவற்றை ஒப்பந்தம் மட்டுமே கூறும். ஆகவே ஒப்பந்தமே ஆராயத்தக்கது.

இதில் பிற தேசங்களின் அனுபவம் பாடமாகும். 2013இல் பிரான்சின் தேசிய நூலகம், 1470 முதல் 1700 வரை அச்சான சுமார் 70,000 நூல்களை மின்னுருவாக்கப் புரோகுவெஸ்ட் நிறுவனத்துடன் உடன்பட்டபோது, பத்தாண்டுத் தனியுரிமை அளித்தது. பொதுச்சொத்தாகிவிட்ட நூல்கள் மீண்டும் தனியார் வேலிக்குள் சென்றன என்று அந்நாட்டு அறிஞர் பலர் எதிர்த்தனர். ஐரோப்பிய ஆணையம் அமைத்த அறிஞர் குழு 2011இல் இத்தகைய முன்னுரிமைக்கு ஏழாண்டையே உச்சவரம்பாகப் பரிந்துரைத்திருந்தது. 2013ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை, தனியுரிமை பொதுவாகப் பத்தாண்டைக் கடக்கலாகாது என்றும், மின்படி ஒன்று பொது நிறுவனத்திற்கு விலையின்றி அளிக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. தனியார் முதலீடு அங்கு மறுக்கப்படவில்லை. அதற்கு எல்லை வகுக்கப்பட்டது.

வேறு வழியும் உண்டு. ஆர்க்கேடியா என்னும் தனியார் நிதியத்தின் உதவியால் 2004இல் பிரிட்டிஷ் நூலகம் தொடங்கிய அழிநிலை ஆவணத் திட்டத்தில், மூல ஏடு அதன் நாட்டை விட்டு வெளியேறுவதில்லை. படி ஒன்று அந்நாட்டு நிறுவனத்திலும் வைக்கப்படுகிறது. ஆய்வாளர் கட்டணமின்றிக் காணலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் நூல் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியபோதும், அது கடல் கடந்து செல்லாமல் 1994 முதல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைபெற்றது. பொருள் பிறருடையதாயினும் சொத்து இங்கேயே தங்கும் என்பதற்கு இவை சான்று.

ஒப்பந்தம் நன்றாயினும் பணி அத்துடன் முடிவதில்லை. வ்யாக்யானங்கள் மணிப்ரவாளத்தில் அமைந்தவை. ஓலைகளில் க்ரந்த எழுத்து கலந்து வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவற்றுள் பல தெலுங்கு லிபியில் அச்சேறின. விவரப்பட்டியலில் லிபியைக் கண்டு தெலுங்கு நூல் என்று பதிந்தால், தமிழில் தேடுவோர் கண்ணில் ஈடுகூடப் படாது. 32 எழுத்து ஒரு படி என்ற கணக்கில் முப்பத்தாறாயிரப்படி 11,52,000 எழுத்துகளாகும். இவ்வளவையும் இயந்திரம் படித்து எழுத்துருவாக்கினால், ஒரு மெய்யெழுத்து மாறிய இடத்திலும் அர்த்தம் மாறக்கூடும். பாடபேதம் எது, இயந்திரப் பிழை எது என்று பிரித்தறிய ஸம்ப்ரதாயமறிந்த வித்வான் வேண்டும். அவருக்குரிய ஊதியமும் காலமும் ஒப்பந்தத்தில் இடம்பெறாவிடில், விளைவது படக்குவியலேயன்றி நூலகமன்று.

எனவே தாடிக்கொம்பைச் சூழ்ந்த அந்த இல்லத்தார் கையொப்பமிடுமுன் உறுதிசெய்துகொள்ள வேண்டியவை ஐந்து. மூல ஏடு இல்லத்திலோ அருகிலுள்ள பொது நூலகத்திலோ தங்க வேண்டும். குறையாத தரமுள்ள முழு மின்படி ஒன்று விலையின்றி அவர்களுக்குத் தரப்பட வேண்டும். தனியுரிமை கோரப்பட்டால் அது முடியும் நாள் ஆண்டு குறித்து எழுதப்பட வேண்டும். நிறுவனம் மூடப்பட்டாலோ கைமாறினாலோ படிகள் பொதுவுக்கு வர வேண்டும். விவரப்பட்டியலையும் பாடத்தையும் வித்வான்கள் திருத்த வழியிருக்க வேண்டும். இவற்றுக்கு இசையும் தனியார் எவராயினும், அவர் செய்வது வணிகமாயினும், அது கைங்கர்யத்தோடு சேரத்தக்கதே. இசையாதவரிடம் ஏட்டை ஒப்படைப்பது, வெள்ளத்தில் போகாத ஸ்ரீகோசத்தை ஒப்பந்தத்தில் இழப்பதாகும்.