பழைய களமும் புதுத் தளமும்: ஹை-பிரஷர் வாஷர் எவ்வளவு வெளுக்கும்?

போடி என்றாலே ஏலக்காய்தான். ஆனால் ஏலக்காய்க்குக் களம் வேண்டாம். அது ஸ்டோர் அறையின் சூட்டில் பச்சை மாறாமல் உலர்ந்து ஏலத்துக்கு வந்துவிடும். சிமென்ட் களத்தை நம்பியிருப்பவை காப்பியும் மிளகும். குரங்கணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய களத்தை ஒட்டிப் புதுத் தளம் போட்டு அகலப்படுத்தியிருந்தார்கள். புதியது வெளிர்ச் சாம்பல். பழையதில் பாசிக் கருப்பும் காப்பிப் பழச் சாறு இறங்கிய பழுப்பும். இரண்டையும் ஒரே நிறமாக்க முடியுமா என்று பார்க்க கார்ச்சர் கே2 மிஷினை அங்கே ஓட்டிப் பார்த்தேன்.

1400 வாட் மோட்டார், அதிகபட்ச அழுத்தம் 110 பார், மணிக்கு 360 லிட்டர் தண்ணீர். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் என்பதால் தொட்டித் தண்ணீரே போதும். ஓடைத் தண்ணீர் என்றால் நுழைவாயிலில் வடிகட்டி கட்டாயம். மணல் போனால் பம்பு தேய்ந்துவிடும். வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிய வயரை நீளமாக இழுத்தால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறும்.

மிஷினைவிட முக்கியம் அதன் முனை. விசிறி முனையைக் கையில் பிடித்துத் தேய்த்தால் பாசி உரிந்து வருவது பார்க்கவே ஆசையாக இருக்கும். காய்ந்த பிறகு பார்த்தால் களம் முழுக்கக் கோடு கோடாக நிற்கும். கை ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் இருக்காதே! சுழல் முனை இன்னும் வேகம். ஆனால் மேற்பூச்சு ஏற்கெனவே பொரிந்துபோன களத்தில் அது மணலையே கிளப்பும். இந்த வேலைக்குப் பொருத்தமானது வட்ட மூடிக்குள் இரண்டு முனைகள் சுழலும் தரை சுத்திகரிப்பான். ஒரே உயரம், ஒரே வேகம், சீரான நிறம். அது இல்லாமல் களத்துக்காக இந்த மிஷினை வாங்காதீர்கள்.

இதே நிறுவனத்தின் மிஷின்களைக் கொண்டு 2007-ல் கிளாவுஸ் டாவன் என்ற ஓவியர் ஜெர்மனியின் ஓலெஃப் அணைச் சுவரில் விலங்குகளை வரைந்தார். பெயின்ட் ஒரு சொட்டும் இல்லை. அழுக்கை நீக்கிய இடமே கோடு. கான்கிரீட்டின் கருப்பில் பெரும்பகுதி மேலே படிந்ததுதான் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

போடிக் களத்திலும் பாசிக் கருப்பு முழுக்கப் போய்விட்டது. பழுப்புக் கறை வெளுத்தது, மறையவில்லை. கழுவிய கையோடு நிறத்தைக் கணிக்கவும் கூடாது. ஈரக் கான்கிரீட் எப்போதும் கருப்பாகவே தெரியும். நல்ல வெயிலில் முழுக்கக் காய்ந்தபின் பார்த்தபோது, பழையது புதியதைவிட ஒரு சாயல் மட்டுமே கூடுதலாக இருந்தது. அந்த ஒரு சாயலைத் தண்ணீரால் எடுக்க முடியாது. சிமென்ட் ரகம், கலவையில் விட்ட தண்ணீர், கொத்தனார் கரணையை அழுத்தித் தேய்த்த அளவு எல்லாம் சேர்ந்து அன்றே முடிவான நிறம் அது.

இந்த இடத்தில்தான் பலர் ஆசிட் பாட்டிலைத் தேடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், மணலைப் பிடித்திருக்கும் சிமென்டையே கரைக்கிறது. அடியிலுள்ள மணலின் நிறம் வெளியே வரும்; வெளுப்பு வராது. சொரசொரத்த பரப்பில் அடுத்த மழைக்குப் பாசி முன்னைவிட வேகமாகப் பிடிக்கும். உதிரும் துகள் மிளகோடு சேரும். ஆக்சாலிக் ஆசிட் துருக்கறையையும் பழுப்பையும் எடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது நச்சு. சாப்பிடும் பொருள் காயும் இடத்தில் அதை நான் ஊற்றமாட்டேன். பாசி அடியோடு சாக, கழுவுவதற்கு முன் பிளீச்சிங் பவுடர் கரைசலை மெலிதாகத் தெளித்து, பிறகு ஏராளமான தண்ணீரில் அலசினால் போதும். பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

புதுத் தளத்தின் மேல் 28 நாளாவது ஆகும்வரை மிஷினைக் காட்டக் கூடாது. அதன் வெளுப்பும் நிலையானதல்ல. இரண்டு அறுவடை கண்டால் பழையதை நோக்கி வந்துவிடும். ஆகவே மிச்சமிருக்கும் ஒரு சாயலுக்காகப் பழைய களத்தைச் சுரண்ட வேண்டாம்.

சிறு தோட்டக்காரருக்கு, தரை சுத்திகரிப்பானோடு சேர்த்தால் நல்ல மிஷின். பெரிய எஸ்டேட் களத்துக்கு நிமிடத்துக்கு ஆறு லிட்டர் பத்தாது. கூடுதல் தண்ணீர் தள்ளும் தொழில்முறை மிஷினை வாடகைக்கு எடுப்பது மேல். காப்பிப் பழம் பரப்புவதற்கு முன்பே கழுவி முடித்து, களம் முழுக்கக் காயும்வரை விட்டுவிடுங்கள்.