இடையிசையைத் தேடிப் போகிறவர்கள்

நவம்பர் முதல் தேதி கன்னட ராஜ்யோத்சவம். அன்றைக்குப் பெங்களூர்த் தெருக்களில் ஆர்கெஸ்ட்ரா மேடை போட்டாலும் சரி, லாரியில் டி.ஜே. பெட்டிகளை அடுக்கினாலும் சரி, ‘சந்தோஷக்கே ஹாடு சந்தோஷக்கே’ ஒரு முறையாவது ஒலிக்கும். 1981-ல் சங்கர் நாக் இயக்கி நடித்த ‘கீதா’ படப் பாட்டு அது. பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், இசை இளையராஜா. சங்கர் நாக் 1990-ல் சாலை விபத்தில் இறந்துவிட்டார். அவர் படத்தை ஒட்டிக்கொண்டு ஓடும் ஆட்டோக்கள் மட்டும் இந்த நகரத்தில் குறைந்தபாடில்லை. ஆட வந்த கூட்டத்துக்கு ரெக்கார்டில் உள்ள சில நிமிடங்கள் போதாது என்பதால், கணினி முன் உட்கார்ந்த ஏதோ ஒரு ரசிகர் நீட்டி வைத்த வடிவத்தில்தான் இத்தகைய பாட்டுகள் பல சமயம் தெருவுக்கு வருகின்றன.

பாட்டை நீட்டும் வேலை நியூயார்க் நடன அரங்குகளில் பிறந்தது. 1970-களின் நடுவில் டாம் மோல்டன் என்பவர் சிறிய தட்டு கிடைக்காத ஒரு நாளில் பெரிய தட்டில் பாட்டை வெட்டிப் பார்த்தார். தட்டில் கீறிய வரிகளுக்கு இடையே இடம் கூடியதால் ஒலி உரத்து வந்தது, அடித்தளத் தாளம் ஆழமாக விழுந்தது. 1976-ல் வால்டர் கிப்பன்ஸ் ‘டென் பெர்சென்ட்’ என்ற பாட்டை ஒன்பது நிமிடத்துக்கு மேல் வளர்த்து எடுத்தார். பன்னிரண்டு அங்குலத் தட்டாகக் கடைகளில் விற்பனைக்கு வந்த முதல் பாட்டு அதுதான் என்பார்கள். தாளம் தனித்து ஒலிக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் திரும்பத் திரும்ப ஒட்டுவது அவர்கள் முறை.

நம் பக்கத்தில் ரீமிக்ஸ் என்ற சொல் சினிமா வழியாகப் பரவியபோது வேறு பொருள் கொண்டுவிட்டது. ‘அடுத்த வாரிசு’ (1983) படத்தில் இளையராஜா இசையில் வந்த ‘ஆசை நூறு வகை’யை அவர் மகன் யுவன் ‘குறும்பு’ (2003) படத்தில் புதுப்பித்தார். எம்.எஸ்.வி.யின் ‘பொன்மகள் வந்தாள்’ ஏ.ஆர். ரஹ்மான் கையில் ‘அழகிய தமிழ்மகன்’ (2007) படத்துக்குள் வந்தது. இவற்றுக்குப் பின் ஒரு வரிசையே வந்தது. வரிசையின் பெரும்பகுதியில் பல்லவி தப்பிப் பிழைத்தது, இடையிசை காணாமல் போனது. அந்த இடத்தில் ராப் வந்து உட்கார்ந்தது.

ரசிகர்கள் செய்யும் நீட்டலில் நல்லவை இதற்கு நேர் எதிரானவை. அவர்களுக்கு ஏக்கமே இடையிசையின் மேல்தான். இளையராஜா பாட்டில் முதல் இடையிசையும் இரண்டாம் இடையிசையும் பெரும்பாலும் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் தனியாக எழுதப்பட்டு, முப்பது நாற்பது நொடிக்குள் வயலின் கூட்டம், புல்லாங்குழல், பேஸ் கிட்டார் எல்லாம் தத்தம் பேச்சைப் பேசிவிட்டுப் போய்விடும். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் என்ன என்று கேட்பவர் மனம் அடித்துக்கொள்ளும். அந்த ஆசைக்கு ரசிகர் தரும் பதில்தான் நீட்டல். அதனாலேயே வேலை கடினமாகிறது. தனியே நிற்கும் தாளத்துண்டு டிஸ்கோவில் கிடைப்பதுபோல இங்கே எளிதில் கிடைக்காது. வாத்தியக்காரர்கள் ஒன்றாக அமர்ந்து வாசித்த பாட்டில் வேகம் கடிகாரம்போல் நிற்பதும் இல்லை. சரணத்துக்குள் நுழையும்போது ஒரு இழை கூடும், முடியும்போது ஒரு இழை தளரும். ஒரே அளவு வேகத்தில் அதை அடக்கி வைத்தால் வெட்டி ஒட்டுவது எளிது, ஆனால் பாட்டின் மூச்சு நின்றுவிடும். தேர்ந்தவர்கள் அந்த ஏற்றஇறக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, வெட்டும் இடத்தை மட்டும் காதால் தேடுகிறார்கள். 1986-ல் வந்த ‘புன்னகை மன்னன்’ போல சீக்வென்சர் பயன்படுத்திய இசையில் இந்தத் தொல்லை குறைவு.

கேசட் காலத்தில் இதே ஆசை இரட்டை டெக்கிலும் பாஸ் பொத்தானிலும் முடிந்தது. 2019-ல் டீசர் நிறுவனம் ‘ஸ்ப்ளீட்டர்’ என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. முடிந்த பாட்டிலிருந்து குரல், டிரம்ஸ், பேஸ், பியானோ, மீதி என்று ஐந்தாகப் பிரிக்க வழி பிறந்தது. தபேலாவும் நாதஸ்வரமும் வீணையும் எங்கே என்று கேட்டால் ‘மீதி’யில் தேட வேண்டும். தபேலா சில சமயம் டிரம்ஸ் பக்கம் பாதி, மீதிப் பக்கம் பாதி என்று சிதறிப் போகும். மேற்கத்திய பாப்பை முதன்மையாக வைத்துப் பழக்கிய கருவி நம் மேளக்கட்டை இப்படித்தான் கேட்கிறது. குழலிசை நீரில் கரைந்ததுபோல் வழிவதும், எடுத்துவிட்ட குரலின் நிழல் வயலினுக்குள் தங்கிவிடுவதும் இதன் விளைவுகள்.

நீட்டலுக்கு இன்னொரு மலிவான வழியும் உண்டு: வேகத்தைக் குறைத்து எதிரொலி சேர்ப்பது. ஹவுஸ்டனில் டி.ஜே. ஸ்க்ரூ 1990-களில் செய்தபோது அதற்குள் ஒரு ஊரின் வாழ்க்கை இருந்தது. எஸ். ஜானகியின் குரலை அப்படி இழுத்தால் வேறு யாரோ பாடுவதாக ஆகிவிடுகிறது. நேரம் கூடுகிறது, பாட்டு கூடுவதில்லை.

தன் பாட்டைத் திரும்பத் திறந்து பார்க்க இளையராஜாவே தயங்கியதில்லை. ‘கீதா’வின் ‘ஜொதெயலி ஜொதெ ஜொதெயலி’ தமிழில் ‘நூறாவது நாள்’ (1984) படத்தின் ‘விழியிலே மணி விழியில்’ ஆனது. 2007-ல் ‘சீனி கம்’ படத்தில் இந்தியில் வந்தது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு ஒரே மெட்டின் மூன்று ஆடைகள் கிடைக்கின்றன. அவற்றை ஒரே நீளப் பாட்டாகக் கோத்துப் பார்க்க விரும்பாத ரசிகர் உண்டா?

பெங்களூரின் லஹரி நிறுவனம் வெளியிட்ட ‘தளபதி’ (1991) பாட்டுகள் இன்னும் தொலைவு போயின. ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகளான பாடகி எம்.ஐ.ஏ., ‘காட்டுக்குயிலு’ பாட்டின் துண்டை எடுத்து 2007-ல் ‘பாம்பூ பாங்கா’வைக் கட்டினார். அதே படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ 2002-ல் பிபிசி உலகச் சேவை நடத்திய வாக்கெடுப்பில் நான்காம் இடம் பெற்றது. ஆட்டப் பாட்டுக்கு நடுவே தேவாரம் நுழையும் அந்த இடத்தை வெட்டிவிட்டுத் தாளத்தை மட்டும் ஓட்டுகிற நீட்டல்கள் பாட்டின் உயிரைத்தான் வெட்டுகின்றன. கூத்து அடங்கித் தேவாரம் எழுந்து மறுபடி கூத்து திரும்பும் அந்தத் திருப்பத்துக்காகத்தான் பாட்டே கட்டப்பட்டிருக்கிறது.

சட்டம் ரசிகர் பக்கம் இல்லை. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவின்படி, முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, முன்னறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி கட்டினால் ஒருவர் பாட்டைப் புதிதாகப் பாடிப் பதியலாம். பழைய பதிவையே எடுத்து வெட்டி ஒட்டுபவருக்கு அந்த வாசல் கிடையாது. 2024-ல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ படப் பாட்டு ஒலித்ததற்காக இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. இசைக் கம்பெனியிடம் உரிமை வாங்கியிருந்ததாகத் தயாரிப்பாளர்கள் சொன்ன பிறகும் வழக்கறிஞர் பேச்சு நீண்டது. பணம் வாங்காமல் வீட்டில் வெட்டி ஒட்டும் இளைஞர் எங்கே நிற்க முடியும்?

இசைக் கம்பெனிகள் நினைத்தால் முடியும். பழைய பாட்டுகளின் தனித்தனி டிராக்குகள் எந்த அலமாரியில் மிஞ்சியிருந்தாலும், அவற்றைச் சிறு கட்டணத்துக்கு ரசிகர்களிடம் கொடுத்து, வருவதில் இசையமைப்பாளருக்கும் பாடகருக்கும் பங்கு வைக்கலாம். கொடுக்கும்போது அந்த இடையிசையில் வயலினும் குழலும் வாசித்தவர்களின் பெயர்களையும் சேர்த்து அச்சிட வேண்டும்.