மருத்துவ ஆராய்ச்சி நிதியும் நிறுவன அமைப்பும்: அமெரிக்கச் சீர்திருத்த முன்மொழிவுகள் பற்றிய ஒரு நோக்கு

மருத்துவ ஆராய்ச்சிக்கு அரச நிதி வழங்கும் நிறுவனங்களின் அமைப்பு வெறும் நிர்வாக விவகாரமன்று. எந்நோய் ஆராயப்படும், எது புறக்கணிக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்களைச் சீர்திருத்த முன்வைக்கப்பட்ட யோசனைகள் பல இவ்வினாவைத் தவிர்த்து, எண்ணிக்கையையே பிரச்சினையாகக் கொள்கின்றன.

1887 இல் ஓர் அறையில் அமைந்த ஆய்வுகூடமாகத் தோன்றிய இவ்வமைப்பு, 27 நிறுவகங்களையும் நிலையங்களையும் கொண்டதாக வளர்ந்தது. இவற்றுட் சில நோயின் பெயராலும், சில உறுப்பின் பெயராலும், சில வாழ்க்கைப் பருவத்தின் பெயராலும் அமைந்தவை. இப்பாகுபாட்டில் தருக்க ஒழுங்கைத் தேடுதல் வீண். 1937 இல் புற்றுநோய் நிறுவகம் தோன்றியது முதலாக, நோயாளர் சார்பான இயக்கங்களும் மருத்துவத் துறையினரும் காங்கிரசின்மீது செலுத்திய செல்வாக்கின் வரலாறே அதிற் படிந்துள்ளது.

முன்னாட் பணிப்பாளர் ஹரல்ட் வார்மஸ் 2001 இல் ஆறு அலகுகளே போதுமென வாதிட்டார். ஆயின் 2003 இல் தேசிய அக்கடமிகளின் குழு பரந்த அளவிலான இணைப்பை ஏற்காது, பகிரங்க ஆய்வின் பின்னரே அமைப்பு மாற்றங்கள் நிகழவேண்டும் என்றது. 2006 ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணிக்கையை 27 என வரையறுத்தது. அச்சட்டத்தின் கீழமைந்த மீளாய்வுச் சபை, மது, போதைப்பொருள் என்பன பற்றிய இரு நிறுவகங்களுக்கும் பதிலாக ஒன்றை அமைக்குமாறு 2010 இல் விதந்துரைத்தது. விஞ்ஞான நியாயம் இருந்தும், 2012 இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. நிறுவன நலன்களின் வலிமைக்கு இது சான்று.

2024 இல் பிரதிநிதிகள் சபையில் எழுந்த யோசனை 27 ஐ 15 ஆக்க முனைந்தது. 2025 இல் வெள்ளை மாளிகையின் வரவுசெலவுத்திட்ட முன்மொழிவோ எட்டாகக் குறைக்க விழைந்தது; நிதியை ஏறத்தாழ 40 சதவீதம் வெட்டவும் கோரியது. இணைக்கப்படாது முற்றாக நீக்கப்படவேண்டியவற்றுள் சிறுபான்மையினர் சுகாதாரம், தாதியியல் ஆகியவற்றுக்கான நிறுவகங்கள் இடம்பெற்றமை ஆழ்ந்து நோக்கற்பாலது. செல்வாக்குடையோரின் நிறுவகம் இணைப்பிலிருந்து தப்புகிறது. செல்வாக்கற்றோரின் நிறுவகம் 'சிக்கனம்' என்ற பெயரில் மறைகிறது.

ஒவ்வொரு நிறுவகத்தினதும் ஆலோசனைச் சபையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் பொதுமக்கள் தரப்பினராக இருத்தல் வேண்டுமென்பது சட்டத்தின் ஏற்பாடு. நிறுவகங்கள் குறையுமிடத்து அவ்விடங்களும் குறையும். எனவே, மக்களின் குரலுக்குரிய இடத்தை விரிவாக்காத எவ்விணைப்பும் சீர்திருத்தமாகாது. அஃது அதிகாரத்தின் குவிப்பேயாகும்.