வெட்டி ஒட்டிய பத்து ரூபாய்

இரண்டரை ரூபாய் நோட்டைக் காட்டிப் பெருமைப்படாத சேகரிப்பாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. கண்காட்சிகளில் கூட்டமெல்லாம் அந்த மேசையைச் சுற்றித்தான். முதல் உலகப் போரின் வெள்ளித் தட்டுப்பாட்டில் 1917 நவம்பர் 30இல் ஒரு ரூபாய்த் தாள் வந்தது, அதன் பின்னாலேயே இது. 1926 ஜனவரி 1ஆம் தேதி இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். நாற்பது அணாவுக்கு ஒரு நோட்டு, வேடிக்கைதான். ஆனால் அரிதாக இருப்பதெல்லாம் அழகாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

என் பிரியம் அதற்கு முந்தைய பச்சை நோட்டுகள் மேல். ஒரு பக்கம் மட்டும் அச்சு, மறுபக்கம் வெறும் தாள். விக்டோரியா தலை போட்ட முதல் வரிசையைக் கள்ள நோட்டுக்காரர்கள் ஒரு வழி பண்ணிவிட, 1867இல் வந்தது இந்த வரிசை. இதில் தலையே இல்லை. கையால் வார்த்த தாள், அலைக்கோட்டு நீர்க்குறி, பின்னல் கோலம், அடியில் வெளிர்பச்சை, நான்கு மொழிக் கட்டங்கள். மற்றபடி எல்லாம் எழுத்துதான். 1923இல் பத்து ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் வந்து உட்காரும்வரை, பெரிய நோட்டுகள் முகம் காட்டாமல் சொல்லை மட்டும் நம்பிப் புழங்கின. அந்த மிடுக்கு பிறகு வந்த எந்த நோட்டுக்கும் வரவில்லை.

என்னிடம் இருப்பது மெட்ராஸ் நாணய வட்டத்துப் பத்து ரூபாய். நடுவே வெட்டி ஒட்டியது. வெட்டியதால்தான் என் விலைக்குள் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரிமுனைப் பக்கம் ஒரு மாடிக்கடையில் அதை எடுத்துக் கொடுத்த பெரியவர், விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் கூப்பிட்டார். "தம்பி, இதக் கத்தியில வெட்டல, கத்திரிக்கோலு. ரெண்டு கடி கடிச்சிருக்கு, பாரு." பார்த்தேன். மேலிருந்து முக்கால் தூரம் ஒரே ஓட்டம். அங்கே கத்திரி நின்று, மறுபடி வாய் திறந்திருக்கிறது. அந்த இடத்தில் நூலளவு கோணல். ஒட்டியவர் கை சற்றே தவறியதில், கேட்டவுடன் பணம் தருவேன் என்கிற வாக்குறுதி வரி இடப்பாதியில் ஒரு மட்டத்திலும் வலப்பாதியில் மயிரிழை கீழேயும் ஓடுகிறது.

நோட்டைத் தபாலில் அனுப்பிய காலத்துத் தழும்பு அது. ஒரு பாதி முதலில் போகும். வந்து சேர்ந்தது என்று பதில் கிடைத்த பிறகே மறுபாதி புறப்படும். வழியில் அடிப்பவனுக்கு இரண்டு தபாலும் வாய்க்க வேண்டும். இரண்டு பாதியிலும் வரிசை எண் இருப்பதால் ஜோடி சேர்ப்பதில் குழப்பமில்லை. ஒரு நோட்டு மூன்று கடிதங்களின் காத்திருப்பைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது என்றால், அதற்கு மேல் என்ன வடிவமைப்பு வேண்டும்?

அத்தனை பத்திரமாகப் போனாலும் எல்லா ஊரிலும் அது செல்லாது. மெட்ராஸ் வட்டத்து நோட்டைக் கல்கத்தாவிலோ பம்பாயிலோ வாங்கியே ஆக வேண்டும் என்று யாரையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நோட்டு மாற்றக் கொடுக்கும் கழிவுக்கும் தமிழில் வட்டம் என்றுதான் பெயர். வட்டம் தாண்டினால் வட்டம் கட்ட வேண்டியதுதான். 1903 முதல் 1911க்குள் ஐந்து, பத்து, ஐம்பது, நூறு என்று படிப்படியாக நாடு முழுக்கச் செல்லுபடியாயின.

புதுச்சேரி நண்பர் ஒருவர் இதையெல்லாம் ரசீது என்பார். அவருக்கு இந்தோசீனா வங்கி அங்கே வெளியிட்ட ரூபாய் நோட்டுகள்தான் உயிர். ஓவியம் என்றால் அது ஓவியம், மறுக்கவில்லை. ஓவியம் பார்க்க நான் நோட்டைத் திறப்பதில்லை. ஆறாம் ஜார்ஜ் ரசிகர்களோடு எனக்குச் சண்டை குறைவு. ஜப்பானியக் கள்ள நோட்டுக்குப் பயந்து நீர்க்குறியில் பக்கவாட்டு முகம் நேர்முகமாகத் திரும்பியதும், பாதுகாப்பு இழை முதன்முதலாக நுழைந்ததும் நல்ல கதைகள். ரிசர்வ் வங்கி ஆளுநர்களில் ஜேம்ஸ் டெய்லர் கையெழுத்தா, தேஷ்முக் கையெழுத்தா என்று அவர்கள் இரவு முழுக்கப் பேசுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பொறுக்க முடியாதது இப்போதைய பிளாஸ்டிக் பெட்டி மோகம். நோட்டை மூடி முத்திரையிட்டு ஒரு மதிப்பெண் ஒட்டிவிட்டால், பிறகு பேச்சு அந்த எண்ணைப் பற்றித்தான். தாளைத் தொட முடியாது, வாசம் இல்லை, சுண்டினால் வரும் அந்தச் சத்தம் இல்லை. மதிப்பெண்ணுக்காக நோட்டைக் கழுவுகிறார்கள், இஸ்திரி போடுகிறார்கள், பின் குத்திய ஓட்டைகளை அடைக்கிறார்கள். நானும் ஏமாந்தவன். இதே வரிசையில் இன்னொரு ஒட்டு நோட்டு என்னிடம் இருந்தது. பழுதுபார்க்கிறேன் என்று வாங்கிப் போனவர் பழைய ஒட்டை நீராவியில் உரித்து, ஒட்டே தெரியாமல் இணைத்துக் கொடுத்தார். நேர்த்தியான வேலை. அதன்பின் அந்த நோட்டை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. யாருக்கோ மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

மிஞ்சியது இது ஒன்று. திருப்பினால் வெற்றுப் பக்கத்தில் மங்கிய மசியில் யாரோ போட்ட கையொப்பம். நடுவே, மேலிருந்து கீழாக ஒட்டுத்தாள். அது கணக்கேட்டிலிருந்து கிழித்த துண்டு. வெட்டுப்பட்ட எழுத்துகள் எதுவும் படிக்கத் தேறாது, ஒன்றைத் தவிர: மேற்படி என்பதற்குப் போடும் அந்தப் பழைய சுழிக்குறி. கணக்கப்பிள்ளை பசை தடவ எட்டி எடுத்த காகிதத்தில் அது இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு இளைஞர் வந்தார். நல்ல கண், நீர்க்குறியை நொடியில் படித்தார். "சார், பின்னால் இருக்கிற ஒட்டை எடுத்துட்டா விலை ஏறிடும்" என்றார். எடுத்தால் மேற்படி போய்விடுமே என்றேன். மேற்படி எங்கே இருக்கிறது என்று நோட்டின் முன்பக்கத்தில் தேட ஆரம்பித்தார்.