மேடை தந்த பாடமும் மேடைக்கு எட்டாத பாடமும்

தலைமைத்துவ மாநாட்டுக்குப் போய்வரும் போதகரின் குறிப்பேடு நிறைந்திருக்கும். அதில் எதைச் சபைக்குள் கொண்டுபோகலாம், எதை அரங்க வாசலிலேயே விட்டுவிட வேண்டும்? இந்தக் கேள்வியை உரசிப் பார்க்க, அமெரிக்காவின் வில்லோ கிரீக் சபையிலிருந்து கிளைத்த குளோபல் லீடர்ஷிப் சம்மிட்டைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. அதில் கற்கவும் நிறைய உண்டு, அஞ்சவும் நிறைய உண்டு.

பில் ஹைபல்ஸ் 1975-இல் சிகாகோவின் புறநகரான பாலடைனில் ஒரு சினிமா தியேட்டரை வாடகைக்கு எடுத்து வில்லோ கிரீக்கைத் தொடங்கினார். அதற்கு முன் வீடு வீடாகப் போய், ஏன் சர்ச்சுக்கு வருவதில்லை என்று மக்களைக் கேட்டு, கிடைத்த பதில்களுக்கு ஏற்ப ஆராதனையை அமைத்தார். பிற்பாடு சவுத் பேரிங்டனில் 7,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கம் எழுந்தது. 1995-இல் தொடங்கிய மாநாடு, திரைவழியாக நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சென்றடைந்தது. போதகர்கள் பேசிய அதே மேடையில் பில் கிளின்டனும் கொலின் பவலும், ஜெனரல் எலக்ட்ரிக்கை நடத்திய ஜாக் வெல்ச்சும் பேசினார்கள்.

கம்பெனி நடத்துகிறவர்களிடம் சபைக்கு என்ன பாடம் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. வேதாகமமே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. காலைமுதல் மாலைவரை தனியாளாக வழக்குத் தீர்த்துக் களைத்துப்போன மோசேக்கு, பொறுப்பைப் பகிர்ந்து கொடு என்று புத்தி சொன்னவர் மீதியானின் ஆசாரியரான மாமனார் எத்திரோ. கணக்கு, ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, அடக்க ஆராதனை என்று எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்திருக்கும் போதகருக்கு, வேலையை ஒப்படைப்பது எப்படி, கூட்டத்தை முடிவோடு கலைப்பது எப்படி என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தால் அது நன்மைதான். சொன்னவர் எந்தத் துறைக்காரர் என்று பார்க்க வேண்டியதில்லை.

நற்பண்பையும் இந்த மேடை கற்றுத் தந்ததுண்டு. 2011-இல் ஸ்டார்பக்ஸ் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் பேசுவதாக இருந்தது. தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு எதிரான சபை இது என்று இணையத்தில் மனு கிளம்ப, அவர் விலகிக்கொண்டார். ஹைபல்ஸ் மேடையில் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவருக்கு அன்பாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், ஸ்டார்பக்ஸ் காபி வாங்கிக் குடியுங்கள் என்று கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். வெளியிலிருந்து வந்த எதிர்ப்பை எப்படித் தாங்குவது என்பதற்கு நல்ல முன்மாதிரி அது.

அதைவிடக் கனமான பாடம் 2007-இல் வந்தது. வில்லோ கிரீக் தன் உறுப்பினர்களிடமே ஓர் ஆய்வு நடத்திப் பார்த்தது. சபையின் நிகழ்ச்சிகளில் அதிகமாகப் பங்கெடுப்பதால் மட்டும் ஒருவருக்குக் கடவுள்மீதும் மனிதர்மீதும் அன்பு பெருகிவிடுவதில்லை என்று தெரிந்தது. விசுவாசத்தில் முதிர்ந்தவர்களிலேயே பலர் சபைமீது நிறைவில்லாமல் இருந்தார்கள். முப்பது ஆண்டுகளாக நிகழ்ச்சிகளைப் பெருக்கி வளர்ந்த சபை, தன் அடிப்படைக் கணக்கே சரியில்லை என்று கண்டுகொண்டது. அந்த ஆண்டு மாநாட்டில் ஹைபல்ஸ் இதை ஒளிக்காமல் சொன்னார். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் ஊருக்குக் கொண்டுபோக விரும்பியது வில்லோ கிரீக்கின் வளர்ச்சியைத்தான். வளர்ச்சியையே சந்தேகிக்கச் சொல்லும் பாடத்தை, வளர்ச்சியைக் காட்டி ஆள் சேர்க்கும் மேடையால் எத்தனை பேர் மனதில் பதிக்க முடியும்?

2018 மார்ச்சில், ஹைபல்ஸ் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டுகளைச் சிகாகோ டிரிப்யூன் வெளியிட்டது. சொன்னவர்களில் அதே சபையில் பொறுப்பு வகித்த பெண்களும் இருந்தார்கள். அவர் மறுத்தார். மூப்பர்கள் அவர் பக்கம் நின்றார்கள். சபைக் கூட்டத்தில் மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இத்தனைக்கும், மாநாட்டை நடத்திய அமைப்பின் நிர்வாகக் குழுவிலிருந்தே சிலர் இந்த விவகாரம் கையாளப்பட்ட விதம் பிடிக்காமல் முன்பே வெளியேறியிருந்தார்கள். ஏப்ரலில் ஹைபல்ஸ் பதவி விலகினார். ஆகஸ்ட் 5 அன்று நியூயார்க் டைம்ஸ் அவருடைய முன்னாள் உதவியாளரின் குற்றச்சாட்டை வெளியிட, 8-ஆம் தேதி அவருக்குப் பின் பொறுப்பேற்ற தலைமைப் போதகரும் மூப்பர்கள் அனைவரும் விலகுவதாக அறிவித்தார்கள். மறுநாள் மாநாடு தொடங்கியது. அடுத்த ஆண்டு, வெளியாரைக் கொண்ட சுயாதீனக் குழு அந்தப் பெண்களின் சாட்சியம் நம்பத்தக்கது என்று முடிவு சொன்னது.

தனிமனிதன் செய்த பாவத்துக்கு மாநாடு என்ன செய்யும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஒழுக்கத்தைப் பற்றியும் கணக்கு ஒப்புவிப்பதைப் பற்றியும் அங்கே நிறையவே பேசப்பட்டது. பேசுகிறவன் தவறினான் என்பதற்காகப் பேசிய பொருள் பொய்யாகிவிடாது. ஆனால் இந்த வாதம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. கற்றவர்களும் அனுபவசாலிகளுமான மூப்பர்களால் ஏன் உண்மையை எட்ட முடியவில்லை? தலைவர் எழுந்தால் சபை எழும், அவர் விழுந்தால் எல்லாம் விழும் என்ற நம்பிக்கை அவர்களுக்குள் ஊறியிருந்தது. அந்த நம்பிக்கையை எந்தச் சொற்பொழிவும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒளிவெள்ளம், பெரிய திரை, கீழே குறிப்பெடுக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் என்ற அமைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. 2011-இல் பிரபலமான ஒருவரின் விலகலைப் பெருந்தன்மையோடு ஏற்ற அதே மனிதர், 2018-இல் தன்னோடு வேலை செய்தவர்களின் முறையீட்டைப் பொய் என்றார். முதலாவதற்குச் சாதுரியம் போதும். இரண்டாவதற்கு, தலைவர் எழுந்து போன அறையில் பயமில்லாமல் விசாரிக்கும் ஆட்கள் வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. போதகர் மாநாட்டுக்குப் போகட்டும். வேலைப் பங்கீடு, கூட்டம் நடத்தும் முறை, தன் சபையைத் தானே அளந்துபார்க்கும் துணிவு ஆகியவற்றைக் கொண்டுவரட்டும். தலைவரே சபையின் அச்சாணி என்ற எண்ணத்தை மட்டும் அங்கேயே விட்டுவரட்டும். குறிப்பேட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரே சோதனை போதும்: இதை நடைமுறைப்படுத்தினால் என்னைக் கேள்வி கேட்கும் வலிமை சபைக்குக் கூடுமா, குறையுமா? சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருவர் என்மீது புகார் சொல்ல வேண்டுமானால், எனக்குக் கட்டுப்படாத யாரிடம் போவார்? இதற்குப் பெயரோடு பதில் சொல்ல முடியாத சபைக்கு அடுத்த மாநாட்டுக்கான நுழைவுக் கட்டணம் வீண்செலவு. முதலில் அந்தப் பெயரை அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கட்டும்.